எட்டாம் தொட்டியின் ஆறு நாட்கள்

மார்ச் 3, திங்கள்

மேக்ரோ வேலை செய்கிறது! ஆச்சரியக்குறி போட எனக்கு உரிமை உண்டு. மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னால் எனக்கே மறந்துபோகும் என்பதால் எழுதி வைக்கிறேன். ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டிகள் பன்னிரண்டு. கம்ப்யூட்டர் ஃபைலில் தொட்டிக்கு ஒரு ஷீட். குளோரின் எவ்வளவு, கலங்கல் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று, ஞாயிறு தவிர தினமும் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சீட்டு வரும். அதைப் பார்த்து அந்தந்த ஷீட்டில், அன்றைய தேதிக்கு நேராக நான் அடிக்க வேண்டும். இத்தனை நாள் திரையின் அடியில் இருக்கும் ஷீட் பெயரை மவுஸால் தேடிப் பிடித்து, திறந்து, தேதிக்கு இறங்கி... அடிக்கிற நேரத்தைவிடத் தேடுகிற நேரம்தான் அதிகம். இனி ஒரே ஒரு பட்டன், அதற்குப் பின்னால் மேக்ரோ என்று நான் எழுதி வைத்த கட்டளைகள். அமுக்கினால் சின்னப் பெட்டி ஒன்று வந்து எண் கேட்கும். 7 என்று தட்டினால் இடமிருந்து ஏழாவது ஷீட்டுக்கு ஓடி, இன்றைய தேதிக்கு நேராகப் போய் நிற்கும். நான் மவுஸைத் தொடவே வேண்டாம்.

திரையையும் பார்க்க வேண்டாம், அதுதான் பெரிய சுகம். டைப்ரைட்டிங் வகுப்பில் எங்களுக்கு முதல் பாடமே அதுதான்: கண் தாளில், விரல் விசையில். நிமிர்ந்து பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று போடுவார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் நிமிரவில்லை.

கெமிஸ்ட் பெண் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்கு சார். ஆனா ஷீட்டோட இடத்தை வெச்சு எழுதியிருக்கீங்க. பேரை வெச்சு எழுதிடுங்க. அப்புறம் தலைப்பு வரிசை நகராம நிறுத்தி வைங்க. கீழ இறங்கிட்டா எந்தத் தொட்டியில நிக்கிறோம்னே தெரியல பாருங்க."

"பன்னெண்டும் வரிசையாத்தானேம்மா இருக்கு? எவன் வந்து நகர்த்தப் போறான்?" என்றேன். கொஞ்சம் மிதப்பாகத்தான் சொன்னேன். இருக்கட்டும். கம்ப்யூட்டர் வந்து இருபது வருஷம் ஆகியும் இந்த ஆபீசில் என் பெயர் 'டைப்பு சார்'. இனிமேல் பார்க்கலாம்.

மார்ச் 5, புதன்

பன்னிரண்டு சீட்டு, நான்கு நிமிடம். போன மாதம் பதினெட்டு நிமிடம்.

மார்ச் 10, திங்கள்

ஏழாம் தொட்டியைக் காலி செய்து கழுவுகிறார்கள். சனிக்கிழமை வரை அதில் தண்ணீர் கிடையாது, சீட்டும் கிடையாது. வேலையில்லாத ஷீட் நடுவில் எதற்கு என்று அதைப் பிடித்து இழுத்துக் கடைசியில், பன்னிரண்டுக்கு அப்பால் போட்டேன். வீட்டிலும் நான் இப்படித்தான். உட்காராத நாற்காலி கூடத்தின் நடுவில் கிடந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. "உங்க கையைக் கட்டிப் போட்டாதான் இந்த வீட்ல சாமான் வெச்ச இடத்துல இருக்கும்" என்பாள் மனைவி.

மார்ச் 13, வியாழன்

மழை. சொட்டம்மா நனைந்துகொண்டே வந்து சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சீட்டு நனையவில்லை, ஆள்தான் நனைந்திருந்தாள்.

தொட்டி தொட்டியாகப் போய் நீர் எடுத்து, கண்ணாடிக் குழாயில் மூன்று சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து எழுதி வருவது அவள்தான். அதனால் அந்தப் பெயர். கோபித்துக்கொள்வதில்லை, போனை எடுத்தால் அவளே "சொட்டம்மா பேசறேன்" என்பாள். ஏழு வருஷமாக ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் நீட்டிக் கொடுக்க வேண்டும், அதுவரை உயிர் அவளுக்குத் தொண்டையில்தான் இருக்கும்.

முட்டியில் துணி கட்டியிருந்தாள். என்ன என்றேன்.

"எட்டாவது தொட்டிதாண்ணே. நூத்தி அறுபத்தி ரெண்டு படி. மத்ததெல்லாம் தரையில நிக்குது, இது ஒண்ணு மட்டும் மேட்டு மேல ஏறி உக்காந்துகிட்டு என்னையக் கூப்பிடுது."

"நான் பட்டன் கண்டுபிடிச்சேன். நீ ஒரு லிஃப்ட் கண்டுபிடி" என்றேன்.

சிரித்தாள். அவள் போன பிறகு பதினொரு சீட்டையும் மூன்றரை நிமிடத்தில் அடித்து முடித்தேன்.

மார்ச் 17, திங்கள்

ஏழாம் தொட்டி நிரம்பிவிட்டது. அதன் ஷீட்டைப் பழையபடி ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தேன்.

பெரிய செய்தி! எங்கள் ஆபீஸ் அதிகாரி மேடம் கூப்பிட்டு, ஏப்ரல் 16 அன்று மற்ற ஆறு ஆபீஸ்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்கு உங்கள் மேக்ரோவைச் செய்து காட்டுங்கள் என்றார். நானா? "நீங்கதான் சார். வேற யாரு?" வெளியே வரும்போது கால் தரையில் பாவவில்லை. மனைவியிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு, எந்தச் சட்டை என்று அலமாரியைத் திறந்துவிட்டாள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

இன்று மாதக் கூட்டம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மேடம் மார்ச் மாதத் தாள்களை அச்செடுத்து வைத்திருந்தார். "எட்டாவது தொட்டிக்குப் பத்தாம் தேதியிலேருந்து பதினஞ்சு வரைக்கும் ஒரு வரிகூட இல்ல. ஆனா அதே ஆறு நாளும் ஏழாவது தொட்டிக்கு எல்லாம் இருக்கு. காலியாக் கெடந்த தொட்டியில யாரு வந்து குளோரின் கலக்கினது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சொட்டம்மா எழுந்து நின்றாள். "மேடம், அந்த வாரம் ஏழு பக்கமே நான் போகல. எட்டுக்கு ஏறுனேன். ஆறு நாளும் ஏறுனேன்."

"ஏறினா எழுத்து எங்க?"

"சீட்டு குடுத்தேனே மேடம். அண்ணன்கிட்டதான் தினமும் குடுத்தேன். அதைப் பாருங்க."

மேட்டுத் தொட்டிக்குக் காவலாள் கிடையாது. பூட்டுச் சாவி அவளிடமே இருக்கும். பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதும் மாதத்தில் முதல் நாள் மட்டும்தான். அவள் ஏறினாள் என்பதற்கு அவள் எழுதும் சீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. மேடம் என்னைப் பார்த்தார். நாளைக் காலையில் தேடி எடுத்து வைக்கிறேன் என்றேன்.

பாவம். முட்டி வலியில் ஏறாமல் விட்டிருப்பாள். பயத்தில் ஏதோ எண்களை எழுதி, தொட்டியையும் மாற்றிப் போட்டுவிட்டாள். மனிதர்கள்தானே. மேடத்திடம் அவளுக்காக நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

நல்ல வார்த்தையாம். பெரிய மனுஷன்.

எட்டரைக்கே ஆபீஸ் போனேன். சீட்டுகளை மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு என் டிராயரில்தான் வைத்திருக்கிறேன். மார்ச் 10, தொட்டி 8, குளோரின் 0.4. அவள் கையெழுத்து. இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று... ஆறும் இருக்கிறது. ஏழாம் தொட்டிக்குச் சீட்டே இல்லை.

ஷீட்டில் பார்த்தேன். எட்டாம் தொட்டியின் 0.4 ஒன்பதில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்பதினுடையது பத்தில். பத்தினுடையது பதினொன்றில். ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, அன்று செய்தது போலவே ஏழாம் ஷீட்டை இழுத்துக் கடைசியில் போட்டேன். பட்டனை அமுக்கி 8 என்று தட்டினேன். பிறகு என் வாழ்க்கையில் முதல் முறையாக, நிமிர்ந்து பார்த்தேன். மேலே தள்ளிக்கொண்டு போனால் தலைப்பில் 'தொட்டி 9'. மறுபடி அமுக்கி 12 என்று தட்டினேன். 'தொட்டி 7'.

ஏழு போனதும் எட்டாவது இடத்துக்கு ஒன்பது வந்துவிட்டது. எல்லாம் ஓர் இடம் முன்னால் நகர்ந்து, பன்னிரண்டாவது இடத்தில் ஏழு நிற்கிறது. மேக்ரோ நான் சொன்னதைத்தான் செய்தது. எவன் வந்து நகர்த்தப் போகிறான் என்று கேட்டேனே. நான்தான் அந்த எவன்.

ஒரு நாளைக்கு ஐந்து என்றால் ஆறு நாளைக்கு முப்பது. முப்பது முறை தப்பான தொட்டியில் அடித்திருக்கிறேன். ஒரு முறைகூடத் தலையைத் தூக்கவில்லை. பதினொன்றாம் தொட்டியில் ஒருநாள் குளோரின் குறைந்திருக்கிறது, அது பன்னிரண்டின் பக்கத்தில் கிடக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

பத்து மணிக்கு மேடம் மேஜைக்கே வந்தார். "சீட்டு கெடச்சுதா சார்?"

"மாசம் முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுடுவோம் மேடம்."

நான் சொன்னேன். இந்த வாயால். கட்டு என் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் டப்பாவுக்கு அடியில் இருந்தது. குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தாலாவது கொஞ்சம் மனுஷன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எதுக்குடா சொன்னே? பதினாறாம் தேதிக்காகத்தானே?

ஏப்ரல் 5, சனி

உத்தரவு வந்துவிட்டது. சொட்டம்மா இனி பின்னறையில் ஆய்வகப் பாட்டில்களைக் கழுவ வேண்டும். சீட்டு எழுதுவது வண்டி டிரைவர். அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றி மாதக் கடைசியில் முடிவு.

மதியம் என் மேஜைக்கு வந்தாள். "அண்ணே, கிழிச்சப்ப ஒண்ணு ரெண்டு தவறி விழுந்திருக்கும் இல்ல? கொஞ்சம் பாருங்களேன்."

என்ன செய்தேன் தெரியுமா? பார்த்தேன். குனிந்து, மேஜைக்கு அடியில் தலையை விட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு, இல்லாத சீட்டைத் தேடினேன். அவளும் அந்த முட்டியோடு தரையில் மண்டியிட்டு என்னோடு சேர்ந்து தேடினாள். "அங்க பாருங்கண்ணே, ஏதோ வெள்ளையா..." அது ஒரு பழைய உறை. அதை எடுத்துப் பிரித்துக்கூடப் பார்த்தாள்.

எழுந்திருக்க முடியாமல் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நான் கை கொடுத்தேன். அந்தக் கையை...

வேண்டாம். எழுத முடியவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

பின்னறைக்கும் என் இடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பாட்டிலோடு பாட்டில் மோதும் சத்தம் காலை ஒன்பதரைக்கு ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு வரைக்கும் நிற்பதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேக்ரோவைப் பெயர் வைத்து மாற்றி எழுத உட்கார்ந்தேன். யாராவது கேட்டால் என்ன சொல்வது? திடீரென்று ஏன் மாற்றினீர்கள் என்று கெமிஸ்ட் பெண் கேட்பாளே? அப்படியே விட்டுவிட்டேன். திருடனுக்குத் தன் வேலையைத் திருத்திக்கொள்ளக்கூடப் பயம்.

ஏப்ரல் 9, புதன்

சீட்டுக் கட்டை வீட்டில் அலமாரியின் மேல்தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஆறு மணிக்கு வீடு திரும்பினால் அது மனைவியின் தையல் மெஷின் மேல் கிடக்கிறது. ரப்பர் பேண்ட் அவள் மணிக்கட்டில்.

"எங்கேர்ந்து எடுத்தே அதை?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"பின்பக்கம் வெறும் தாளாத்தானே இருந்துச்சு? அளவு எழுதிக்கிட்டேன். ரெண்டு மூணு சீட்டுலதான். இதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?"

பிடுங்கிப் பார்த்தேன். தோள் பதினாலு, கை பதினேழு, இடுப்பு முப்பத்தாறு. எட்டாம் தொட்டியின் முதுகில் யாரோ ஒரு பெண்ணின் அளவு. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளிடம் மறைக்கும் தெம்பு அதற்கு மேல் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி முன்பக்கம் படித்தாள். பதிமூன்றாம் தேதிச் சீட்டில் நின்றாள். எண்களை மட்டும் பார்த்து அடிக்கிற என் கண்ணில் படாத ஒரு வரி, ஓரத்தில் சின்ன எழுத்தில்.

"'மழை. மேல் படி நாலு வழுக்கல்.' இதை நீங்க படிக்கலையா?"

படிக்கவில்லை.

"ஏறாதவங்களுக்குப் படி வழுக்கறது எப்படிங்க தெரியும்?"

பிறகு இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தாள். எனக்கும் வைத்தாள். அதுவே பெரிது.

ஏப்ரல் 11, வெள்ளி

மேடத்திடம் சொல்லிவிட்டேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும். கதவு வரைக்கும் இரண்டு முறை போய், ஃபைல் மறந்துவிட்டதாகத் திரும்பி வந்தேன். இன்று மூன்றாவது முறை அவரே "என்ன சார் நடை பழகறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

சீட்டுகளை மேஜையில் வைத்துச் சொன்னேன். ஷீட்டை இழுத்தது, முப்பது எண்கள், கிழித்துப் போட்டதாகச் சொன்ன பொய். கூனிக் குறுகித்தான் நின்றேன். ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இடுப்பு முப்பத்தாறா? எட்டாவது தொட்டிக்கா?"

"என் வீட்டுக்காரி தைக்கறவங்க மேடம்."

அவர் சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் அந்தச் சீட்டையே பார்த்தார். எல்லோர் முன்னிலையிலும் ஒரு பெண்ணைக் கேலி செய்தது அவருக்கும் நினைவு வந்திருக்கும். பிறகு சொன்னார்: "புதன்கிழமை ஆறு ஆபீஸ்லேருந்து வர்றாங்க. மேலிடத்துல எல்லாருக்கும் சொல்லியாச்சு. அது முடியட்டும், அப்புறம் இதைச் சரிபண்ணிடலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேச வேணாம்."

சரி மேடம் என்றேன்.

அறையை விட்டு வெளியே வரும்போது எனக்கு என்ன தோன்றியது என்று எழுதினால்தான் இந்த நோட்டுக்கு மரியாதை. நிம்மதி. மேடமே சொல்லிவிட்டார், இனி பாரம் அவருடையது, நானும் புதன்கிழமை நின்று பேசலாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் பாட்டில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 12, சனி

குழாயடியில் சொட்டம்மா எதிர்ப்பட்டாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. "புதன்கிழமை நல்லாப் பண்ணுங்கண்ணே. நம்ம ஆபீசுக்கே பெருமை."

ஏப்ரல் 15, செவ்வாய்

சட்டை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்குகிறது. போடச் சொல்லி நான் கேட்கவில்லை. மனைவி போட்டுவிட்டுத் தையலுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

முப்பது பேர் இருந்தார்கள். திரையில் என் ஃபைல் சுவர் அளவுக்குத் தெரிந்தது. 1 தட்டினேன், 5 தட்டினேன், 12 தட்டினேன். ஓடி ஓடிப் போய் நின்றது. யாரோ "அட!" என்றார்கள். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு என் உடம்பு ஒரு நிமிடம் மகிழ்ந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார் மேடம். கடைசி வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பேனாவைத் தூக்கினார். "சார், யாராவது ஷீட்டை இடம் மாத்திட்டா என்ன ஆகும்?"

சாதாரணக் கேள்வி. கெமிஸ்ட் பெண் முதல் நாளே சொன்னதுதான். மேடம் முந்திக்கொண்டு, "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல டீ..." என்றார்.

அப்போது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, "வேற தொட்டிக்குப் போயிடும்மா" என்றேன். "எங்க ஆபீஸ்ல போச்சு. நான்தான் மாத்தினேன். ஆறு நாள் தப்பான இடத்துல அடிச்சேன். பழி சீட்டு எழுதினவங்க மேல விழுந்துச்சு. சீட்டு என்கிட்ட இருந்துச்சு, கிழிச்சுட்டேன்னு பொய் சொன்னேன்."

மவுஸைப் பிடித்து ஏழாம் ஷீட்டைக் கடைசிக்கு இழுத்தேன். 8 தட்டினேன். மேலே தள்ளித் தலைப்பைக் காட்டினேன். முப்பது பேரும் படித்தார்கள்: தொட்டி 9.

கை தட்டல் இல்லை. அந்தப் பெண் மட்டும் எதையோ எழுதிக்கொண்டார். மேடம் முகத்தில் ஈயாடவில்லை. டீ ஆறிப்போயிற்று.

ஏப்ரல் 17, வியாழன்

நேற்று மாலையே சொட்டம்மாவிடம் போய் நின்றிருக்க வேண்டும். முப்பது பேர் முன்னால் சொன்னவனுக்கு அந்த ஒருத்தி முன்னால் போகக் கால் வரவில்லை. இன்று காலை போனேன்.

அவளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. இந்த ஆபீசில் எதுதான் தெரியாமல் இருக்கும்? பாட்டில் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. நான் பேசி முடிக்கும் வரைக்கும் மூன்று பாட்டில் கழுவினாள்.

"மேஜைக்கு அடியில நாம தேடுனோமே, அன்னிக்கு எங்க இருந்துச்சு?"

"வீட்ல."

தலையை ஆட்டினாள். இன்னொரு பாட்டிலை எடுத்தாள்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எல்லாரும் சொல்றாங்க, தாள்ல இல்ல. ஒருவேளை நாமதான் ஏறலையோ, ஏறுன மாதிரி நெனச்சுக்கிட்டமோன்னு. ஒருநா சாயங்காலம் தனியாப் போயி மறுபடி ஏறிப் பாத்தேன். மூச்சு வாங்கறது அதே எடத்துல வாங்குதான்னு."

மன்னிச்சிடும்மா என்றேன். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"தள்ளிக்குங்க சார், தண்ணி தெறிக்கும்" என்றாள்.

சார். ஏழு வருஷமாக அண்ணே என்று கூப்பிட்டவள்.

ஏப்ரல் 24, வியாழன்

பணிப்பதிவேட்டில் என் மேல் கண்டனக் குறிப்பு ஏறிவிட்டது. மேடம் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "என் பேரையும் எழுதித்தான் அனுப்பியிருக்கேன். பதினொண்ணாம் தேதியே தெரிஞ்சும் தள்ளிப் போட்டேன்னு" என்றார். முப்பது எண்களையும் உரிய தொட்டிக்கு மாற்றினேன். கெமிஸ்ட் பெண் பக்கத்தில் உட்கார்ந்து மேக்ரோவைப் பெயர் வைத்து எழுதிக் கொடுத்தாள், தலைப்பு வரிசையை நிறுத்தியும் வைத்தாள். அப்பவே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எட்டாம் தொட்டியின் ஆறு வரிகளை நிரப்பும்போது பதிமூன்றாம் தேதிக்கு எதிரே குறிப்புக் கட்டத்தில் அடித்தேன்: மழை. மேல் படி நாலு வழுக்கல்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மேட்டுத் தொட்டிக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. தொண்ணூறாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். நூற்றி நாற்பதில் மறுபடியும். மேலே போனதும் கம்பிக் கதவில் பூட்டு. அவ்வளவுதான், இறங்கி வந்தேன். காலையில் கால் தூக்க முடியாது என்று இப்போதே தெரிகிறது.

மே 2, வெள்ளி

ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டுவிட்டது. சொட்டம்மா பழைய வேலைக்கு வந்துவிட்டாள்.

மாலை நான்கு மணிக்குச் சீட்டுகளோடு வந்தாள். நீட்டவில்லை. என் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றை மட்டும் மேஜையில் வைத்தாள்.

"அடிங்க சார்."

பட்டனை அமுக்கி 1 தட்டினேன்.

"எந்தத் தொட்டியில நிக்குது? பாத்துப் படிங்க."

நிமிர்ந்தேன். "தொட்டி ஒண்ணு."

அடுத்த சீட்டை வைத்தாள். பன்னிரண்டும் இப்படியே. அறையில் எல்லோரும் வேலை செய்வதுபோல் பாவனை செய்தார்கள். எண்ணும் எழுத்தும் பழகுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகப் படித்தேன். எட்டு வந்தபோது அந்தச் சீட்டின் மேலிருந்து விரலை எடுக்காமல் நின்றாள். இரண்டு முறை படிக்க வைத்தாள்.

இருபத்து மூன்று நிமிடம்.

மே 7, புதன்

இன்றும் நின்றாள். நாற்காலி கொண்டுவந்து போட்டேன், முட்டி வலிக்குமே என்று. உட்காரவில்லை.

மே 13, செவ்வாய்

மனைவி கேட்டாள்: "இன்னிக்கும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"நல்லது" என்று மெஷினை மிதித்தாள்.

மே 16, வெள்ளி

நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

மே 21, புதன்

நான்கு மணிக்கு வந்தாள். பன்னிரண்டு சீட்டையும் ஒன்றாக மேஜையில் வைத்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இல்ல சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். போய்விட்டாள்.

வாசல் வரைக்கும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பட்டனை அமுக்கினேன். அறையில் வேறு யாரும் இல்லை. நிமிர்ந்து, சத்தமாகப் படித்தேன்: "தொட்டி ஒண்ணு."

பன்னிரண்டும் படித்தேன். எட்டை இரண்டு முறை.